கட்டித்தான் உட்கார வைத்தேன்

நான் கையை விடவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

எண்பத்தேழாம் வருடம், ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். என் கணவர் மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். கோட்டக்குப்பத்தில் என் அம்மா வீட்டுக்கு எங்கள் பழைய அம்பாசிடரில் போய்க்கொண்டிருந்தோம். அவர் ஓட்டினார். முன்சீட்டில் நான். என் மடியில் ஹசீனா, எங்கள் ஒரே மகள், அப்போது இரண்டு வயது. குறுக்கே ஒரு மாடு வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான். இரண்டு கைகளாலும் அவளை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்படியும் என் கைகளுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனாள். முன்னாலிருந்த இரும்பில் தலை மோதியது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மண்டையோட்டில் விரிசல் என்றார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் வலிப்பு வர ஆரம்பித்தது. "மாசாமாசம் கொண்டாந்து காட்டணும்மா. நடுவுல வலிப்பு வந்தா உடனே தூக்கிட்டு வந்துடணும்" என்றார் டாக்டர். அதாவது அதே ரோடு, அதே கார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பெத்தவ கொஞ்சம் கெட்டியாப் புடிச்சிருக்கக் கூடாதா?" என் மாமியாரும் கேட்டார். என் அம்மாவும் கேட்டாள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. பிறகு அல்லாஹ்விடம் மட்டும் பேசினேன். விடியற்காலையில் ஃபஜ்ரு தொழுதுவிட்டு, நெற்றியைத் தரையில் வைத்த சுஜூதிலிருந்து எழாமல் அழுதேன். "ரப்பே, நான் விடல. உனக்குத் தெரியும். என் கை பத்தல, அவ்ளோதான். என் கைய விட பலமா ஒண்ணக் குடு." தினமும் இதே துஆ, இதே வேண்டுதல். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

அடுத்த முறை காரில் ஏறும்போது ஹசீனா கதவைப் பிடித்துக்கொண்டு அலறினாள். எனக்கும் ஏற மனசில்லை. இருந்தும் போக வேண்டியிருந்தது.

என் கணவரின் தம்பி ரஹீம் துபாயில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு டிரைவர். எழுதச் சோம்பேறித்தனம். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அந்த முறை வந்த கேசட்டில், நலம் விசாரித்துவிட்டு, திடீரென்று இதைச் சொன்னார்.

"அண்ணி, பாப்பா விஷயம் கேள்விப்பட்டதுலேர்ந்து மனசே சரியில்ல. இங்க எங்க மேடம் புள்ளைய மடியிலயே வெச்சுக்க மாட்டாங்க. அதுக்குன்னு தனி சீட்டு இருக்குது. பெல்ட்டு போட்டு கட்டிடுவாங்க. கடையில ரெண்டு தினுசு பார்த்தேன். ஒண்ணுல முன்னாடி மெத்தை வெச்ச பலகை வருது, விளையாட ஸ்டியரிங் கூட இருக்குது. பாக்க ஜோரா இருக்கு. இன்னொண்ணுல பலகை இல்ல, வெறும் பட்டைங்க. தோள்ல ரெண்டு, இடுப்புல ரெண்டு, கால் நடுவுல ஒண்ணு. எது வேணும், சொல்லுங்க."

வீட்டில் எல்லோருக்கும் ஸ்டியரிங் வைத்ததுதான் பிடித்தது. குழந்தை அழாமல் விளையாடுவாள் என்றார்கள். நான் அன்று முழுக்க யோசித்தேன். அவள் என் கையை விட்டு மேலே எகிறிப் போகவில்லை. அடியில் வழுக்கிப் போனாள். பலகை என் கையைப் போலத்தான் முன்னால் நிற்கும். அவளை அடியில் போகவிடாமல் தடுப்பது கால் நடுவில் வரும் அந்தப் பட்டைதான். ஐந்து பட்டை சீட்டே வேண்டும் என்று கேசட்டில் பேசினேன். ரஹீம் எடையையும் கேட்டிருந்தார். உப்பு நிறுக்கும் தராசில் ஹசீனாவை உட்கார வைத்து, நிறுத்துச் சொன்னேன்.

அடுத்த லீவில் ரஹீமே கொண்டுவந்தார். எங்கள் காரின் பின்சீட்டில் பெல்ட் கிடையாது என்பதால், சீட்டைப் பிடித்துக்கொள்ளும் பெல்ட்டையும் வாங்கி வந்தார். ஒர்க்‌ஷாப்பில் காரின் தரை இரும்பைத் துளைத்து, அடியில் தடித்த தகடு கொடுத்துப் போல்ட் போட்டு இறுக்கினார்கள். நான் அங்கேயே நின்றேன். சீட்டில் முழங்காலை ஊன்றி பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். ஆடியது. மறுபடி இறுக்கச் சொன்னேன். "போதும்மா, இது என்ன ஏரோப்ளேனா?" என்று சிரித்தார்கள். ஆடாமல் நிற்கும் வரை நான் நகரவில்லை.

என் மாமியார் முதல் நாளே சொன்னார். "புள்ளைய ஆட்டுக்குட்டி மாதிரி கட்டுறியே. உசுர குடுக்கறவனும் அவன், எடுக்கறவனும் அவன். அவன் மேல உனக்கு ஈமான் இல்லியா?"

"வலிப்புக்கு மாத்திரை குடுக்கறேனே மாமி, அதுவும் ஈமான் இல்லாமத்தானா?" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

ஹசீனா அழுதாள், திமிறினாள். நான் ஒவ்வொரு முறையும் கட்டினேன். பட்டைக்கும் தோளுக்கும் நடுவில் என் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். அது என் கணக்கு. நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சொந்தக்காரர்கள் காரைச் சுற்றி நின்றார்கள். "அந்த சீட்ட கழட்டிட்டா இன்னும் ரெண்டு பேரு உக்காரலாமே?" என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். "கழட்டுங்க. நானும் புள்ளையும் வரல" என்றேன். கழற்றினார்கள். நான் போகவில்லை. கல்யாணத்துக்கு வராத திமிர் பிடித்தவள் என்ற பெயர் எனக்கு ரொம்ப நாள் இருந்தது. இருக்கட்டும். அவர்கள் திரும்பி வந்ததும் சீட்டை மாட்டவைத்து, மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

மறு வருடம் கோடை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் மாமியார், நடுவில் ஹசீனா. உப்பளங்களைத் தாண்டும்போது வெயில் தாங்காமல் அழ ஆரம்பித்தாள். "செத்த நேரம் எங்கிட்ட குடேன். பாவம், வேர்த்துக் கொட்டுது" என்று மாமியார் கையை நீட்டினார். "வண்டி நிக்கட்டும் மாமி, குடுக்கறேன்" என்றேன்.

எதிரே வந்த லாரியின் டயர் வெடித்தது. லாரி எங்கள் பக்கமாகத் திரும்பியது. என் கணவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் ரோட்டுக் கரையிலிருந்து இறங்கி, உருண்டு, உப்புப் பாத்திக்குள் தலைகீழாக விழுந்தது.

கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ஹசீனாவின் குரல் கேட்டது. கோபமாக, முழுத் தொண்டையில் கத்தினாள். அந்தச் சத்தத்தைப் போல இனிப்பான ஒன்றை நான் கேட்டதில்லை.

உப்பளத்தில் வேலை செய்தவர்கள் ஓடிவந்தார்கள். ஒரு பெண் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்தாள். "யம்மா, புள்ள தலைகீழா தொங்குதுங்க! அறுத்துடட்டா?"

"அறுக்காதீங்க! ஒரு கையால புள்ளையத் தாங்கிக்குங்க. வயித்துகிட்ட செகப்பு பட்டன் இருக்கும், அத அமுக்குங்க!"

அமுக்கினாள். ஹசீனா அவள் தோளில் விழுந்தாள்.

எனக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. மாமியாருக்கு மணிக்கட்டு. என் கணவருக்கு நெற்றியில் தையல். ஹசீனாவுக்கு டாக்டர் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தார். தோள்களில் பட்டை பதிந்த சிவந்த தடம் மட்டும் இருந்தது. மாமியார் மாவுக்கட்டு போட்ட கையோடு பக்கத்தில் வந்து அந்தத் தடத்தைத் தடவினார். "எங்கிட்ட குடுத்திருந்தியானா?" என்றார். இருவரும் சேர்ந்து அழுதோம்.

பிறகும் சிலர் விடவில்லை. "அல்லாஹ் காப்பாத்திட்டான். அதுல பெல்ட்டுக்கு என்ன பெருமை?" பெல்ட்டுக்கு எந்தப் பெருமையும் இல்லை. பெருமை எல்லாம் அவனுக்குத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் அவனிடம் என் கையை விட பலமான ஒன்றைக் கேட்டேன். அவன் அதைக் கொடுத்தான். கொடுத்ததை வாங்கிக் கட்டாமல் பரணில் போட்டிருந்தால், நான் எதற்காக துஆ கேட்டேன்?

ஒரு உறவினர் அந்தச் சீட்டைத் தன் பிள்ளைக்குக் கேட்டார். அவ்வளவு அடி வாங்கிய சீட்டு இன்னொரு அடியைத் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றில் அடுத்தவர் பிள்ளையை உட்கார வைக்க மாட்டேன். கத்தரிக்கோல் எடுத்து அவர் எதிரிலேயே ஐந்து பட்டைகளையும் வெட்டினேன். கஞ்சம் என்றார்கள். ரஹீமிடம் சொல்லி அந்த உறவினர் பிள்ளைக்குப் புதுசு வரவழைத்துக் கொடுத்தேன். அதைப் பொருத்தும்போது கூடவே நின்றவர் என் மாமியார். "இன்னும் ஆடுது, இறுக்கு" என்று அவர்தான் சொன்னார்.

மருந்தால் ஹசீனாவின் வலிப்பு மெல்லக் குறைந்து, நின்றும் போனது. நான் மாறிவிட்டேன். முன்பெல்லாம் நாலு பேர் சொன்னால் தலையாட்டுகிறவள். இப்போது எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் போய், யார் முகம் சுளித்தாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்காக அவனிடம் கேளுங்கள். அவன் தருவதை அடையாளம் காணும் கண்ணைக் கேளுங்கள். அதோடு பிடிவாதத்தையும் கேளுங்கள். எல்லோரும் சிரிக்கும்போது "மாட்டேன்" என்று சொல்லும் நாக்கைக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவன் உங்களுக்குக் கொடுக்காமல் போக மாட்டான்.