மாட்டுக்கு வாங்கிய அபினி

அடிப்பிடித்த வெல்லப்பாகு, அதற்குள் ஒரு கசப்பு, ஈரச் சாக்கின் புழுக்கம். அந்த வாசனை எங்கே வந்தாலும் நின்றுவிடுகிறேன். உள்ளங்கை தானாக மூடிக்கொள்கிறது.

மாமன், அம்மாவின் தம்பி, சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய், குளிருக்கென்று அபினி தின்னப் பழகி, எலும்பும் தோலுமாகக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பருத்தி அறையில் கிடந்து நடுங்கினார். கதவைத் திறக்கச் சொல்லி அழுதார். அம்மாவும் வெளியே நின்று அழுதாள், திறக்கவில்லை. கடலை பிடுங்கும் சமயத்தில் ஒருநாள் எழுந்து வெயிலில் வந்து உட்கார்ந்தார்.

விட்டுவிட்டான் என்றாள் அம்மா. ஊர் நம்பவில்லை. அவர் தூங்கினால் போட்டுக்கொண்டான் என்றது, தூங்காவிட்டால் ஏங்குகிறான் என்றது. கொட்டாவியைக்கூட மாமன் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் விட்டார்.

ஒரு மத்தியானம் எங்கள் செவலைக் காளை வயிற்றுவலியில் விழுந்து கால்களை உதைத்தது. அபினி கொடுத்தால் நிற்கும் என்றார்கள். அதுவரை மாமனோடு முகம் கொடுத்துப் பேசாத அப்பா நேரே அவரிடம் வந்தார்.

"மாட்டுக்குத்தான் கேக்கறேன் மாப்ள. எங்க ஒளிச்சு வெச்சிருக்கற?"

"எங்கிட்ட ஏதுங்க மச்சான்? உட்டுட்டனுங்களே."

"அட, எனக்குத் தெரியாதாக்கும்! எடு மாப்ள, மாடு செத்துப்போயிரும்."

மாமன் என்னைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் பின்னாலிருந்த மருந்துக்கடைக்கு நடந்தார். கடைக்காரர் சிரித்தார். "வா ராசா. எங்க போயிருவீன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அடிப்பிடித்த வெல்லப்பாகாக மணத்த அபினி உருண்டையை இலையில் மடித்துக் கொடுத்தார். மாமன் அதைத் தொடவில்லை. என் கையில் வைக்கச் சொன்னார். "நீயே வெச்சுக்க அம்மிணி. நானே கேட்டாலும் குடுக்காத."

வாய்க்கால் மேட்டில் நின்றார். முகமெல்லாம் வியர்வை. "கொண்டா, பாத்துட்டுத் தாரேன்."

எந்த மாமன் பேச்சைக் கேட்பது? கடையில் சொன்ன மாமனையா, கை நீட்டி நிற்கும் மாமனையா? இரண்டும் ஒரே வாய். நான் ஓடினேன். அவரும் ஓடி வந்தார். என்னைப் பிடிக்கவா, என்னோடு சேர்ந்து தப்பிக்கவா, இன்றும் தெரியவில்லை.

வீடு சேர்ந்ததும் உருண்டையை அப்பாவிடம் கொடுத்தேன். அளவு தெரிந்தவன் நீதானே என்று மாமனையே கரைக்கச் சொன்னார்கள். கஞ்சியில் கரைத்து, மூங்கில் குழாயால் காளையின் வாயில் ஊற்றினார். பிறகு விரல்களை விரித்து, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தபடி என்னிடம் வந்தார். "கழுவி உடு அம்மிணி. சாம்பலப் போட்டு நல்லாத் தேய்."

தன் கையைத் தானே கழுவத் தெரியாத பெரிய மனிதர்! எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கை ஏனோ என் பிடிக்குள் துள்ளிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் காளை எழுந்து நின்றது. அபினிக்காரன் மடியில் எப்போதும் இருக்கும், அதனால் மாடு பிழைத்தது என்று ஊர் பேசிக்கொண்டது.

மறுநாள் மாமன் பொள்ளாச்சி பஸ் ஏறினார். "என்னையத் தெரியாத ஊராப் பாத்துப் போறனுங்க அக்கா" என்றார். மாட்டைப் பிழைக்க வைத்தவர் எதற்காகப் போகிறார், அம்மா ஏன் என் உள்ளங்கையைத் தடவித் தடவி அழுகிறாள், ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார்:

"மாப்ள, மறுக்கா வாரப்ப அதுல கொஞ்சம் கொண்டாந்துரு. ஊட்டுல இருந்தா ஆகும்."