மீன் காட்டும் பெட்டியும் தீபாவளிக் கெடுவும்

ஏரியில் படகு விட்டுப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தலைவிதி உண்டு: திரையில் தெரிகிற மீனெல்லாம் தன் ஐஸ் பெட்டிக்குள் வந்துவிட வேண்டும் என்று வாடிக்கையாளர் நினைப்பார்.

குருண் ஊரில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, தூண்டில்காரர்களை அணைக்கட்டு ஏரிக்கு அழைத்துப் போகும் தொழிலுக்கு வந்தவன் நான். படகில் ஒரு மீன் காட்டும் பெட்டி இருக்கிறது. அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அடியில் உள்ள மேடு, பள்ளம், மூழ்கிப்போன மரக்கட்டை, மீன் கூட்டம் எல்லாவற்றையும் திரையில் வரைந்து காட்டும். வந்த ஆட்கள் மறுபடி வராவிட்டால் தீபாவளியோடு குருணுக்கே திரும்ப வேண்டும் என்று என் மனைவி கமலா கெடு வைத்தாள். பழைய சீருடையைத் துவைத்து, என் கண்ணில் படுகிற மாதிரி அலமாரியில் வைத்தும் விட்டாள்.

மீனுக்கு ஒரு மாலை

முதல் பயணம். சுங்கைப் பட்டாணியில் கார் பட்டறை வைத்திருக்கும் மணியம் அண்ணன் இரண்டு நண்பர்களோடு வந்தார். படகு கிளம்பியதுமே திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கூட்டம். "இத்தனை மீன் போதும் லா, நாளைக்கும் கொஞ்சம் மிச்சம் வை!" என்று அண்ணன் கத்தினார். எனக்கும் தலைகால் புரியவில்லை. மதியம் வரை தூண்டில் போட்டோம். ஒரு கெண்டைக்குஞ்சுகூடக் கடிக்கவில்லை.

கரைக்கு வந்து படகைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். பின்பக்கம் தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பும் சின்னக் கருவியில் ஒரு செவ்வந்தி மாலை சுற்றிக் கிடந்தது. முதல் நாள் படகுக்குப் பூசை போட்ட கமலா, இதுதான் பெட்டியின் கண் என்று நான் சொன்னதைக் கேட்டு, அதற்கும் பக்தியோடு கட்டியிருக்கிறாள். மாலை கிளப்பிய காற்றுக் குமிழிகளைத்தான் காலையிலிருந்து மீன் என்று துரத்தியிருக்கிறோம். மணியம் அண்ணன் அந்த மாலையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மாலை போட்டுக் கூப்பிட்டும் வரலேன்னா, மீனுக்கு உன்மேல என்னமோ கோபம் தம்பி!"

கீழே இன்னொரு ஏரி

அலோர் ஸ்டாரில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் சரோஜா அக்கா கணவரோடு வந்தார். ஓரிடத்தில் தரைக்கோட்டுக்குக் கீழே, சரியாக இரண்டு மடங்கு ஆழத்தில், இன்னொரு கோடு தெரிந்தது. தரை கெட்டியாக இருந்தால் ஒலி இரண்டு தடவை போய்வரும். அங்கே அணை கட்டுவதற்கு முன்னிருந்த தோட்டத்துச் சாலை மூழ்கிக் கிடக்கிறது என்று விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூன்று மணி நேரம் கழித்து, காலிப் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்.

"எனக்கென்னமோ மீனெல்லாம் அந்தக் கீழ் ஏரியிலதான் இருக்குன்னு தோணுது தம்பி."

கையுறைக்காரி

தீபாவளிக்கு ஒரு வாரம். ஒருவரும் திரும்பி வரவில்லை. அப்படி என்னதான் செய்கிறேன் என்று பார்க்கக் கமலாவே படகில் ஏறினாள். அவள் கையுறைத் தொழிற்சாலையில், ஓடுகிற பெல்ட்டில் ஓட்டைக் கையுறைகளைப் பொறுக்கி எடுப்பவள். நான் வழக்கம்போல, திரையில் மீன் அண்டிக் கிடக்கும் மரக்கட்டை தெரிந்ததும் எஞ்சினை நிறுத்தி, "இங்கேதான், போடு" என்றேன்.

அவள் போடவில்லை. "கட்டையைக் கண்ணால பார்த்த பிறகுதானே நிறுத்துனீங்க? அப்புறமும் படகு வழுக்கிட்டுத்தானே வந்துச்சு? பெல்ட்டுலயும் ஓட்டை கண்ணுல படுறப்ப கையுறை தாண்டிப் போயிரும். போன பக்கம்தான் கையை நீட்டணும்." சொல்லிவிட்டு, படகு வந்த வழியிலேயே தூண்டிலை வீசினாள்.

இத்தனை நாளும் கட்டையைத் தாண்டிவந்து, வெறும் தண்ணீரில் எல்லாரையும் தூண்டில் போட வைத்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. அதை முழுதாக அனுபவிக்கக்கூட நேரமில்லை. தூண்டில் வளைந்தது. கை நீளத்துக்கு ஒரு செபராவ் மீன், திமிறிக்கொண்டு மேலே வந்தது. அதைப் படம் பிடித்து மணியம் அண்ணனுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வருவதாகவும், படகில் பூ எதுவும் இருக்கக் கூடாது என்றும் உடனே பதில் வந்தது. கமலா அதை இரண்டு முறை படித்தாள்.

"அந்த யூனிஃபார்மைக் கிழிச்சு படகு துடைக்க வச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான், ஸ்கிரீன் பக்கத்துல நான் உட்கார்றேன்."

அன்றிலிருந்து படகை ஓட்டுவது நான்தான், எங்கே நிறுத்துவது என்பது மட்டும் என் கையில் இல்லை.