சம்பந்தியம்மாள் கையில் கடப்பாரை

விழுப்புரத்தில் எந்தப் பழைய வீட்டை இடித்தாலும் முதலில் எனக்குத்தான் ஆள் வரும். கதவு, ஜன்னல், நிலை, உத்திரம் என்று மொத்தமாகக் கழற்றி வாங்கி விற்பது என் வியாபாரம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரே ஒரு கடப்பாரையோடு ஆரம்பித்து, இன்று மெயின் ரோட்டில் சொந்த இடத்தில் கடை போட்டிருக்கிறேன். யார் தயவும் கிடையாது. ஒரு வாசல் நிலையைத் தட்டிப் பார்த்தால் போதும், எங்கே நெம்பினால் சுவரை விட்டு வரும் என்று சொல்லிவிடுவேன். இந்த மாவட்டத்துத் திருடர்களுக்குக்கூட என்னளவுக்கு இந்த வேலை தெரியாது. பெருமைக்குச் சொல்வதாக நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான்.

என் மகள் திண்டிவனத்தில் தனியாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் துபாயில் கிரேன் ஓட்டுகிற வேலை. மகள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் தைத்த பிளவுஸ்தான் வேண்டும் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வருகிறார்கள். என் ரத்தமாயிற்றே.

போன ஆடி மாதம் ஒரு பகலில், அவள் கடையில் இருந்தபோது, எவனோ வீட்டு வாசற்கதவை நெம்பியிருக்கிறான். எதிர் வீட்டுக்காரரின் வண்டிச் சத்தம் கேட்டு ஓடிவிட்டான். கதவு திறக்கவில்லை. நிலையில் காயம் மட்டும் இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து சம்பந்தியம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். இந்த வயதிலும் தன் நிலத்துக் கரும்பைத் தானே இறங்கி வெட்டுகிற மனுஷி.

“கடைய மூடிட்டு எங்கூட வா. ஆம்பள இல்லாத வூட்ல எதுக்கு இந்த பேஜாரு?” என்றார் மருமகளிடம்.

“மூடினா மூடினதுதான் அத்தை. வந்துகினு இருக்கறவங்க வேற டைலரைப் பாத்துக்குவாங்க.”

மாப்பிள்ளை போனில் தாயார் பக்கம்தான் பேசினார். வேண்டுமானால் கேமரா வைக்கலாம் என்றார். “கேமரா திருடன் மூஞ்சியக் காட்டும் மாப்ள. அவன் மூஞ்சியப் பாக்கணும்னு இங்க யாரு ஆசப்பட்டாங்க?” என்றேன். பிறகு சம்பந்தியம்மாளிடம் திரும்பினேன்.

“எனக்கு ஒரு பத்து நாள் குடுங்க. இந்த நெலைய நான் பலமாக்கறேன். அப்பறம் கடப்பாரை போட்டு நெம்பிப் பாக்கலாம். தொறந்துகிச்சுன்னா உங்க மருமவள இட்டுக்கினு போங்க.”

“ஏம்ப்பா, என்னைக் கேக்காமயே என்ன வச்சிப் பந்தயம் கட்றியா?” என்றாள் மகள். கொஞ்சம் முறைத்துவிட்டு, “சரி, வேலைய ஒழுங்கா செய்” என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிலையில் உளி படக்கூடாது என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டார். என் தொழிலிலும் வெள்ளிக்கிழமை எந்த வீட்டுக்காரரும் நிலையில் கை வைக்க விடமாட்டார். அன்றைக்குச் சம்பந்தியம்மாள் அந்தக் காயத்தின் மேலேயே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்.

சனிக்கிழமை தட்டிப் பார்த்தேன். நான் நினைத்தபடியே பொந்துச் சத்தம். வீட்டைக் கட்டியவன் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உடைந்த செங்கல்லைத் திணித்து மேலே பூசிவிட்டுப் போயிருக்கிறான். வெளியிலிருந்து நெம்பினால் சட்டம் அந்தப் பொந்துக்குள் வளைந்து கொடுக்கும். பூட்டின் நாக்கு துளையை விட்டு வெளியே வந்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த பூட்டாக இருந்தாலும் இதுதான் கதி. நான் எத்தனை நிலையை இப்படிக் கழற்றியிருக்கிறேன்!

பூச்சைக் கொத்தி, பொந்து முழுக்கக் கான்கிரீட்டைப் போட்டுக் குத்தி நிரப்பினேன். சட்டத்தைத் துளைத்துச் சுவருக்குள் நீளமான போல்ட்டுகளை இறக்கினேன். நாக்கு விழுகிற பக்கம் மேலிருந்து கீழ்வரை இரும்புப் பட்டை. கீல்களில் இருந்த சுண்டுவிரல் நகமளவு திருகாணிகளை எடுத்துவிட்டு, விரல் நீளத்தில் போட்டேன். சிமெண்ட் இறுகுகிற வரைக்கும் காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் அடித்தது யார் தெரியுமா? சம்பந்தியம்மாள்தான். தோற்கடிக்கப் போகிறவர் ஆட்டத்தை ஒழுங்காக ஆடினார். மதியம் மருமகளுக்குக் கடைக்குச் சோறும் கொண்டுபோனார். போனால் சாயங்காலம்தான் திரும்புவார்.

சோதனை அன்று மகள் உள்ளே பூட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை அவள் போனில் இருந்தார். நான் கடப்பாரையைச் செருகி நெம்பினேன். அசையவில்லை. மீசையைத் தடவிக்கொண்டேன்.

“நீங்க பண்ண வேலைய நீங்களே நெம்புனா எப்படித் தொறக்கும் சம்மந்தி? பெத்த புள்ளைய அடிக்கிற மாதிரியில்ல நெம்புறீங்க. இங்க குடுங்க.”

சம்பந்தியம்மாள் கடப்பாரையை வாங்கிவிட்டார். முதலில் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புடவையைத் தூக்கிச் செருகினார். நுனியைப் பழைய காயத்திலேயே வைத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டார். சட்டம் முனகியது. குங்குமம் உதிர்ந்தது. அடுத்து கீழே, அடுத்து கீல் பக்கம். நான் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற எந்த ஆளும் இப்படி இடம் பார்த்து நெம்பியதில்லை. இன்னொரு நெம்பு நெம்பினால் என் மகளின் கடை போய்விடும் என்று நினைத்தேன். “அத்தை, போதுமா?” என்று உள்ளேயிருந்து அவளும் கேட்டுவிட்டாள்.

“இரு இரு” என்று இன்னொரு முறை கடப்பாரையின்மேல் விழுந்தார். கடப்பாரைதான் வழுக்கித் தெறித்தது. நிலை நின்றது.

படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “தொற பொண்ணே. தண்ணி குடு.”

மகள் திறந்து சொம்பை நீட்டினாள். குடித்து முடித்து, போனை அவள் கையிலிருந்து வாங்கினார்.

“டேய், அவ இங்கியே இருக்கட்டும். கடையில ஜனம் நின்னுகினு கீது, நானே பாத்தேன். நீ சும்மா அவள நச்சரிக்காத.” என்னைப் பார்த்தார். “வேல நல்லாத்தான் கீது. வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். “எனக்கு நேரமாச்சு, ரெண்டு பேரும் வழிய விடுங்க” என்று மகள் எங்களைத் தாண்டிக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.