எனக்கென்று சொன்ன ஓட்டம்

நேற்று அண்ணாநகர் சிக்னலில், பக்கத்தில் நின்ற பையனின் காரிலிருந்து ‘ப்ஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு. கூடவே பாதி எரிந்த பெட்ரோல் வாசனை. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டித் தீர்த்தார்கள்.

அது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி வேகம் கூட்டும் டர்போ விடும் மூச்சு. தொண்ணூறுகளில், ஷார்ஜாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்த எனக்கு அதுதான் சங்கீதம். ரூமில் என்னோடு இருந்த நூர்தீன் காக்கா, கேரேஜ் மெக்கானிக். கீழக்கரைக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். யாரோ அந்தக் கேரேஜில் கழித்துப்போட்ட ஜப்பான் கார் ஒன்றை வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் பிரித்து மேய்ந்தோம். பழைய டர்போ ஒன்றை நான் தேடிப் பிடித்தேன், அவர் பொருத்தினார். எடை குறைக்கப் பின்சீட்டைக் கழற்றியதில் எனக்கு ஒரு மெத்தை லாபம்.

“மொத ஓட்டம் ஒனக்குத்தான் தம்பி,” என்பார் காக்கா. தூக்கத்தில் கிளட்ச் மிதிப்பதாக நினைத்து நான் சுவரை உதைப்பேன்.

கார் தயாரான வாரம், வியாழன் இரவு, துபாயில் ஜெபல் அலி தாண்டி, ஆளில்லாத நேர் ரோடு. ரேஸுக்கு வரிசையாகக் கார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தாயிற்று. அப்போது கேரேஜ் கஃபீலின், அதாவது காக்காவுக்கு விசா கொடுத்த அரபி முதலாளியின், மகன் வந்து பானெட்டைத் தட்டினான். “யல்லா, சாவி.” கேரேஜ் அவன் அப்பா பெயரில், அதில் நிற்கும் காரும் அப்படித்தான். அது எனக்கும் தெரியும். ஆனாலும் காக்கா ஒரு வார்த்தை கேட்டுப்பார்ப்பார் என்று நினைத்தேன்.

அவர் கதவைத் திறந்து, “எறங்கு,” என்றார்.

கார் ஜெயித்தது. போட்டோவுக்குக் கூடினார்கள். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு போய் நின்றேன்.

“யே கோன் ஹை?” யார் இவன் என்று இந்தியில் கேட்டான் முதலாளி மகன்.

“சாய் லானேவாலா, அர்பாப்,” என்றார் காக்கா, என்னைப் பார்க்காமல். நான் டீ கொண்டுவருகிறவனாம்.

விசா போய்விடும் என்று பயந்திருப்பார் என்றார்கள் நண்பர்கள். சாவி கொடுத்ததற்கு அந்தச் சமாதானம் போதும். நான் யாரென்று சொல்வதற்கு என்ன பயம்? அது துரோகம்தான். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அந்த ரோட்டோரமெல்லாம் இப்போது கட்டடங்களாம். கேரேஜும் இல்லை, எங்கள் ரூமும் இல்லை. அவையெல்லாம் போவதற்கு வெகு முன்பே போனது ஒன்று உண்டு. கீழக்கரையில் ஒரே பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிடுவார்கள். சஹன் என்று பெயர். ரூமிலும் எங்களுக்கு அதே பழக்கம். ரேஸுக்கு மறுநாள் மதியம் காக்கா சஹனில் சோற்றைக் கொட்டி, “வா, ஒக்காரு,” என்றார். நான் தனித்தட்டு எடுத்தேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போய் உட்கார்ந்திருப்பேன்.