புனிதா வீட்டுக் குண்டுமணி

எதிர்வீட்டுப் புனிதாவைப் பற்றி யாராவது வாய்க்கு வந்தபடி பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அவள் வாசலில் பிள்ளையைத் தள்ளிவிட்டு நிம்மதியாகப் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனவர்கள்தான். நடந்தது என்னவென்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சாலாக் செலாத்தான் அடுக்குமாடியில் எங்கள் இரண்டு வீடும் நான்காவது மாடி. புனிதா ஷா ஆலத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தாள். அதை மூடியதும் சும்மா இருக்கப் பிடிக்காமல், சனிக்கிழமைகளில் கூடத்தில் பாயை விரித்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். முட்டை அட்டையில் முதலை, ஐஸ்கிரீம் குச்சியில் வீடு. மழை விட்டால் கீழே திடலுக்குக் கூட்டிப்போய் இலை பொறுக்க விடுவாள். இலைமேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்பி வரும். பிள்ளைகள் அதிலேயே எண்ணவும் நிறம் சொல்லவும் படித்துக்கொள்ளும். ஊர்க் குப்பையெல்லாம் உன் வீட்டில்தான் என்று நான் கிண்டல் செய்வேன். அவள் சிரித்துக்கொண்டே இன்னும் நாலு முட்டை அட்டை கேட்பாள்.

திடலோரம் ஒரு சாகா மரம் நிற்கிறது. காய் வெடித்துப் பளபளவென்று சிவப்பு விதைகள் கொட்டிக் கிடக்கும். மலாய்க்காரர்களுக்கு அது பீஜி சாகா. எங்களுக்குக் குண்டுமணி. எங்கள் அம்மாமார் அப்படிச் சொன்னார்கள், நாங்களும் அப்படியே சொல்கிறோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்த விதைகளில் வண்டு செய்தார்கள். வேலை சுலபம்: விதையின் ஓரத்தில் மார்க்கரால் கறுப்பாகக் கண் வைத்து, அட்டை இலையில் ஒட்ட வேண்டும். நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

பத்தரை மணி இருக்கும். ரமணியின் மகள் மலர், நாலு வயது, வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

"டீச்சர், ஒண்ணு முழுங்கிட்டேன்."

மற்ற பிள்ளைகள் சிரித்தன. புனிதா தண்ணீர் கொடுத்துக் குடிக்க வைத்து, ரமணிக்கு ஃபோன் போட்டாள். ரமணி செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறிக் கடையில் வேலை செய்கிறாள். பிள்ளை குண்டுமணி ஒன்றை முழுங்கிவிட்டாள், பயப்படாதே, நாளைக்கு வெளியே வந்துவிடும் என்று இவள் சொன்னாள். அஞ்சு நிமிடத்தில் ரமணி திரும்பக் கூப்பிட்டாள். அது ரமணியின் குரல் மாதிரியே இல்லை.

"அக்கா, ஃபோன்ல குண்டுமணின்னு அடிச்சுப் பாத்தேன். விஷமாம். ஒண்ணு போதுமாம்க்கா, புள்ள செத்துடுமாம்."

மற்ற பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என் காரில் மருத்துவமனைக்குப் பறந்தோம். கண் வைத்ததும் வைக்காததுமாக விதைகள் கிடந்த டின்னைப் புனிதா மடியில் வைத்திருந்தாள். பின் இருக்கையில் மலர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். பாட்டு ஒரு நொடி நின்றாலும் புனிதா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒருமுறை பிள்ளை ஏப்பம் விட்டது; நான் சிவப்பு விளக்கைக்கூடக் கவனிக்கவில்லை.

டாக்டர் இளவயது மலாய்க்காரப் பெண். டின்னைத் திறந்து ஒரு விதையைக் கையில் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. தன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். சிவப்பு விதை, ஓரத்தில் கறுப்பு. அச்சு அசல் எங்கள் வண்டு.

அந்தக் கறுப்பு நாங்கள் வரைந்தது என்று புனிதா மலாயில் படபடத்தாள். சுவரில் இருந்த சானிடைசரைக் கையில் பிதுக்கி, விதையை எடுத்துத் தேய்த்தாள். கறுப்பு கரைந்து விரலில் ஒட்டியது. இன்னொன்று, அதுவும் கரைந்தது. ஏழெட்டுத் தேய்த்திருப்பாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு கொஞ்சம் சின்னதாக ஒன்றை எடுத்துத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"அமுதா, இது போக மாட்டேங்குது" என்று என்னிடம் நீட்டினாள்.

அந்தச் சின்ன விதை மரத்தடியில் பொறுக்கியதல்ல. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கக் கிள்ளான் பூஜைக் கடையில் அவள் வாங்கியது. பொட்டலத்தின் மேலும் குண்டுமணி என்றுதான் போட்டிருந்தது. ரெண்டும் ஒன்று, இது சின்ன ரகம், அதுவும் கண்ணோடவே வருது என்று மீதியை அன்று காலையில்தான் டின்னில் கொட்டியிருக்கிறாள். படத்தில் இருந்த விஷ விதை அதுதான். இவளுக்காக ஊரோடு சண்டை போடுகிற எனக்கே அப்போது அவளை ஓங்கி அறையலாம் போல் இருந்தது.

ரமணி சந்தைப் பூட்ஸ் காலோடு ஓடி வந்தாள். நானாக இருந்தால் அந்தப் பொட்டலக் கதையை மறைத்திருப்பேன். புனிதா ஒன்று விடாமல் அவளிடம் சொன்னாள். ரமணி கத்தவில்லை. பிள்ளையை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை கடித்து முழுங்கினாளா, அப்படியேவா என்று டாக்டர் கேட்டார்; ஓடு உடைந்தால்தான் விஷம் இறங்குமாம். கல்லு மாதிரி இருந்தது, கடிக்கவில்லை என்றாள் மலர். எது என்று கேட்டதற்கு, நாங்கள்தான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்கிறோம் என்பதுபோல் எங்களைப் பார்த்தாள்.

"கண்ணு இல்லாததுதான். கண்ணு இருந்தா அது என்னையப் பாக்கும்ல, எப்படிச் சாப்புடறது?"

நாலு வயதுப் பிள்ளையின் பேச்சை நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது, விதை வெளியே வரும்வரை வார்டில் இருக்கட்டும் என்றார் டாக்டர். வயிற்றுப்போக்கா, வாந்தியா என்று மணிக்கொரு தரம் வந்து பார்த்தார்கள். மலர் ஒரு தரம் வயிற்றைப் பிடித்தாள், பசி என்று. அந்த ஒரு நிமிடத்தில் நாங்கள் மூன்று பேரும் செத்துப் பிழைத்தோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளை வெளிக்குப் போனது. கையுறை மாட்டிக்கொண்டு கிளறியது புனிதாதான், யாரையும் தொட விடவில்லை. குழாயில் கழுவிக் கையை விரித்தாள். சாகா விதை. பெரியது, கீறல் இல்லை, முழுச் சிவப்பு. டாக்டர் பார்த்துத் தலையசைத்ததும் ரமணி புனிதாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், சொன்னால் என்ன.

லிஃப்டுக்கு நிற்கும்போது ரமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க மேல கோவம் இல்ல. ஆனா இனிமே இவள அனுப்ப மாட்டேன்."

"அனுப்பாத, ரமணி. நானா இருந்தாலும் அனுப்ப மாட்டேன்" என்றாள் புனிதா.

மலர் அம்மாவின் தோளில் இருந்து எட்டிப் புனிதாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். அடுத்த சனிக்கிழமை என்ன செய்யப் போறோம் டீச்சர் என்று கேட்டாள். புனிதா என்னைப் பார்த்தாள். இவ்வளவு நீள வாய் வைத்திருக்கிற நான், லிஃப்ட் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.