தங்கைக்கு வீடு பார்த்த கதை

அப்பா போன பிறகு, தங்கைக்குச் சீதன வீடு தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீடில்லாமல் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் பேசவே முடியாது. நாங்களோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகைக்கு இருந்தோம். ஊரில் பெயரெடுத்த தரகர் ஒருவர் வந்து, கொக்குவிலில் நல்ல வீடு ஒன்று விலைக்கு இருக்கிறது என்றார். பெற்றோல் இல்லாத காலம். அவர் சைக்கிளுக்குப் பின்னால் என் சைக்கிளும் போனது.

வீடு பிடித்துவிட்டது. கிணற்றில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன், உப்பில்லை. மூத்த மகனைக் கனடாவுக்கு அனுப்பக் காசு வேண்டும், அதனால்தான் விற்கிறோம் என்றார் வீட்டுக்கார அம்மா. அதுவரை எனக்கு எல்லாம் விளங்கியது. பிறகு அவர், "தம்பி, தங்கச்சியின்ரை நட்சத்திரம் என்ன?" என்று கேட்டார். வீடு வாங்க நட்சத்திரம் எதற்கு? புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபூரலுக்கு நாள் பார்க்கவாக்கும் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமை தரகர் வந்தார். "தங்கச்சியும் ஒருக்கா வீட்டைப் பாக்கட்டும். நல்ல சீலையாக் கட்டிக்கொண்டு வரச்சொல்லுங்கோ."

போனால், ஒருவரும் அவளுக்கு அறைகளைக் காட்டவில்லை. பலகாரத் தட்டு வந்தது. அந்த அம்மாவின் இளைய மகன் எதிரே உட்கார்ந்து நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வீடு பார்க்க வந்தோமா, அவர்கள் பெண் பார்க்கிறார்களா?

படலைக்கு வெளியே வந்ததும் தரகரை மறித்தேன். "அண்ணை, இஞ்சை என்ன நடக்குது?"

"நீங்கள் உந்த வீட்டை வாங்கித் தங்கச்சிக்குச் சீதனமா எழுதுறியள். உந்தப் பெடியன் அவவைக் கட்டுறான். ரெண்டு பக்கத்துக்கும் லாபம்தானே."

அவர் காணியும் பேசுவார், கலியாணமும் பேசுவார் என்பது தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவார் என்று யார் கண்டது? காசு அவர்களுக்கு. வீட்டில் இருக்கப்போவதும் அவர்கள்தான். எங்கள் லாபம் எங்கே என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

தங்கைதான் வாய் திறந்தாள். "பெடியன் வேண்டாம். வீட்டை மட்டும் தருவினமோ?"

"வீட்டைத் தனிய விக்கமாட்டினம், பிள்ளை."

"அப்ப வேறை பாருங்கோ."

இப்போது தரகருக்கும் குழப்பம். "என்னத்தைப் பாக்க? வீடோ, மாப்பிளையோ?"

"வீடு" என்றாள் தங்கை. "கலியாணம் நடந்தாலும் நடக்காட்டிலும் நான் இருக்கிறதுக்கு."