லிஃப்ட்டை மேல அனுப்பினது யாரு?

லினெட் அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். "எழுது. ஆனா ஒண்ணும் சேக்காதே. நடந்ததே போதும்"னாங்க. அதனால எதுவும் சேக்கல.

டூவும்பாவுல எங்க வீட்டுக்கு அடுத்த வீடு அவங்க. பதினாறு வருஷப் பழக்கம். பேய்னு யாராவது பேச்செடுத்தா சிரிச்சே சாகடிப்பாங்க. அப்படிப்பட்டவங்களுக்கு நடந்தது இது.

கல்யாணமான ரெண்டாவது வருஷம் ஒரு கார் விபத்துல அக்காவுக்குக் கழுத்து எலும்பு உடைஞ்சுபோச்சு. கால்ல உணர்ச்சி கிடையாது. கை அசையும், ஆனா உடம்பைத் தூக்குற பலம் இல்ல. மோட்டார் வெச்ச சக்கர நாற்காலிதான். நெஞ்சுல ஒரு பெல்ட் போட்டு உக்காத்தி வெச்சிருப்பாங்க. குனியவே முடியாது.

வீட்டுக்காரர் பேரு நெவில். ரிடையர் ஆனதும் முதல் வேலையா ஒரு பழைய கேரவன் வாங்கினார். காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீடு. வாசல்ல சின்ன லிஃப்ட். இரும்புத் தட்டுதான். அதுல நாற்காலியோட ஏறி நின்னா தரைக்கும் வாசலுக்கும் நடுவுல இருக்கிற ஒரு மீட்டரை ஏத்தி இறக்கும். பல்லாரட் பக்கத்துல கெய்ல்னு ஒரு அம்மா வித்தாங்க. "அப்பா அம்மாவோட வண்டி. இனிமே அவங்க போக மாட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாங்க. இவங்களும் துருவிக் கேக்கல.

இப்படி வண்டியில போற ஜோடிங்களுக்குள்ள ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட்டோட ரிமோட் எப்பவும் உள்ள இருக்கிறவங்க மடியிலதான் இருக்கணும். வெளிய போறவர் இறங்கினதும் உள்ள இருக்கிறவங்க தட்டை மேல வரவழைச்சு வெச்சுக்கணும். தட்டு கீழயும் ரிமோட் வெளியவும் போயிட்டா, உள்ள இருக்கிறவங்களுக்கு அது வீடு இல்ல, ஜெயில்.

நெவில் மறதிக்காரர். முதல் பயணத்துலயே ரிமோட்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு குளிக்கப் போயிட்டார். தட்டு கீழ. திரும்பி வந்து பாத்தா தட்டு மேல நிக்குது.

"எப்படி ஏத்தினே?"

"நான் எங்க ஏத்தினேன்? ரிமோட் உங்கிட்ட இருக்கு. அதுவா வந்துச்சு."

ஏதோ கம்பி உரசுதுன்னு விட்டுட்டாங்க.

நாலு நாள் கழிச்சு மறுபடியும் அதே மாதிரி. இந்தத் தடவை நெவில் தட்டை இறக்கி விட்டுட்டு, ரிமோட்லேர்ந்து பேட்டரியை உருவி மேஜை மேல வெச்சார். பத்தடி தள்ளி நாற்காலி போட்டு பீர் குடிச்சிக்கிட்டே பாத்தார். கொஞ்ச நேரத்துல...

ட்ர்ர்ர்.

தட்டு மெதுவா மேல போச்சு.

சார்ல்வில்ங்கிற ஊர்ல ஒரு எலக்ட்ரீஷியன் மொத்தத்தையும் பிரிச்சுப் பாத்தார். "கம்பியெல்லாம் சுத்தமா இருக்கு. எனக்கே புரியல"ன்னு தலையைச் சொறிஞ்சார்.

அக்காதான் ஒண்ணைக் கவனிச்சாங்க. அது தானா கீழ இறங்கினதே இல்ல. மேல மட்டும்தான் வரும். அதுவும் அக்கா உள்ள தனியா இருந்தா மட்டும்தான்.

"பாத்தியா, பேய்க்குக் கூட மரியாதை தெரியுது. எனக்கு ஒரு தடவையாவது அனுப்பிச்சா?"

"உனக்குத்தான் கால் இருக்கே கிழவா. குதிச்சு ஏறு."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. பயப்படல. அங்கதான் தப்பு ஆரம்பிச்சது. நெவில் அந்தச் சட்டத்தையே விட்டுட்டார். ரிமோட் அவர் பையிலயே கிடக்க ஆரம்பிச்சது. அக்கா கத்தினா, "அது பாத்துக்கும் மகாராணி"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார்.

ஜூலை மாசம், ஒரு வியாழக்கிழமை. கன்னமல்லா தாண்டி வாரெகோ ஆத்தங்கரை. சுத்திலும் ஒரு ஈ காக்கா இல்ல. ஃபோன்ல சிக்னலும் இல்ல. இங்க ஜூலைன்னா குளிர்காலம், ஆறு மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. நெவில் வெளிய நெருப்பு மூட்டி சாசேஜ் சுட்டுக்கிட்டிருந்தார். வெங்காயம் நறுக்கக் கத்தி எடுக்க, கையெல்லாம் கரியோட உள்ள வந்தார்.

"நெஞ்சு கரிக்குது"ன்னார்.

"மத்தியானம் அந்தப் பழைய கறி பஃப்ஸ் தின்னாதேன்னு சொன்னேனா இல்லியா?"

"தின்னவன் நான். நீ எதுக்குப் புலம்பறே?"

கத்தியோட தட்டுல இறங்கிப் போயிட்டார்.

"நெவில், ரிமோட்!"

"அதான் உன் ஆளு இருக்கானே, அனுப்புவான்!"

சிரிச்சிக்கிட்டே சொன்னார்.

அப்புறம் ஒரு சத்தம். தகரப் பாத்திரம் கல்லுல விழுந்த மாதிரி. தொடர்ந்து கனமா ஒண்ணு... தொப்.

அடுப்புக்கு மேல இருந்த கடிகாரத்துல ஆறு இருபது.

"நெவில்?"



அக்கா நாற்காலியை வாசலுக்கு ஓட்டினாங்க. நெருப்பு வெளிச்சத்துல ரெண்டு பூட்ஸ் மட்டும் தெரிஞ்சது. குதிகால் மேல பாத்துக்கிட்டு இருந்துச்சு. குப்புற விழுந்து கிடக்கார்.

"நெவில்! எந்திரி! விளையாடாதே!"

ஒரு முனகல் கேட்டுச்சு. உயிர் இருக்கு.

கீழ பாத்தாங்க. தட்டு தரையில கிடக்கு. ரிமோட் அவர் பையில. அவசரத்துக்குக் கூப்பிடுற ரேடியோவும் வெளிய மேஜை மேல.

சரி, எப்பவும் போல வரும்னு காத்திருந்தாங்க.

வரல.

ஒரு நிமிஷம்... ரெண்டு நிமிஷம்... முனகல் சத்தம் குறைஞ்சுக்கிட்டே போச்சு. தட்டு அசையவே இல்ல. இத்தனை நாளா வேண்டாத நேரத்துக்கெல்லாம் வந்தது, இப்ப வரல.

முன்சக்கரத்தை வாசல் விளிம்பு வரைக்கும் தள்ளினாங்க. நாற்காலி நூத்தம்பது கிலோ. உருண்டா அதுக்கு அடியிலதான் கிடக்கணும். அப்ப அவருக்கு யாரு?

"யாரா இருந்தாலும் சரி..." அக்கா தட்டைப் பாத்தே சொன்னாங்க. "கெஞ்சிக் கேக்குறேன். மேல அனுப்புங்க. நான் அவர்கிட்ட போகணும்."

ஒண்ணுமில்ல.

தவளைச் சத்தம் மட்டும்.

அப்புறம்...

ட்ர்ர்.

நின்னுடுச்சு.

தட்டு அரையடி ஏறி நின்னுச்சு.

ட்ர்ர்... நின்னுச்சு.

ட்ர்... ட்ர்...

பலமில்லாத கை ஒண்ணு அழுத்துற மாதிரி. அழுத்தி, வழுக்கி, திரும்ப அழுத்தி.

 அக்காவோட கட்டை விரலும் அப்படித்தான் அழுத்தும்.

அவங்க காதுகிட்ட...

யாரோ மூச்சு வாங்குறாங்க.

திரும்பிப் பாக்கல.

தட்டு வாசலுக்கு வந்து முட்டுச்சு.

ஏறினாங்க.

அது வரைக்கும் ஒரு நாளும் தானா இறங்காத தட்டு, இறங்கிச்சு.

நேரா மேஜைக்கு ஓட்டினாங்க. விரல் முட்டியால ரேடியோவை அழுத்தினாங்க. நல்ல வேளை, நெடுஞ்சாலையில போன ஒரு லாரிக்காரருக்குக் கேட்டுச்சு. "ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேம்மா. நான் வரவே ஐம்பது நிமிஷம் ஆகும். நீங்க அவர்கிட்ட பேசிக்கிட்டே இருங்க"ன்னார்.

நாற்காலியை நெவில் பக்கத்துல ஒட்டி நிறுத்தினாங்க. நெருப்பு அணைஞ்சு போச்சு. அவரோட பின்னந்தலை மட்டும் லேசாத் தெரிஞ்சது.

"எப்படி... இறங்கினே?"

"லிஃப்ட்லதான்."

"நான் அனுப்பலயே..."

"பேசாதே. மூச்சை விடு கிழவா."



"சாசேஜ் கருகிடுச்சா?"

"கருகினா கருகட்டும்."

அவர் பேசின கடைசிப் பேச்சு அதுதான்.

அக்கா விடாம பேசினாங்க. முதல் முதலா டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போனது, அவங்க அம்மா இவரைத் திட்டினது, எல்லாத்தையும். எந்த இடத்துல அவர் கேக்கிறதை நிறுத்தினார்னு தெரியல. லாரிக்காரர் டார்ச்சோட வந்து குனிஞ்சு பாத்தார். தொப்பியைக் கழட்டினார். அவரைப் புரட்டினப்போ ரிமோட் நெஞ்சுக்கு அடியில நசுங்கிக் கிடந்துச்சாம்.

வீட்டுக்கு வந்தப்புறம் அக்கா பேயைப் பத்திப் பேசவே இல்ல. ஒண்ணையே திருப்பித் திருப்பி சொல்வாங்க. "ஒரு முழம்தான் இருந்துச்சு. என்னால குனிய முடியல. சாகறப்போ அவர் மேல என் கை படல. தனியாத்தான் போனார்." நான் என்ன சமாதானம் சொன்னாலும் காதுல ஏறல. சாப்பாடும் இறங்கல.

மூணு வாரம் கழிச்சு வண்டியை வித்துடலாம்னு முடிவு பண்ணினாங்க. வாங்குறவங்களுக்கு உண்மை சொல்லணுமேன்னு கெய்லுக்கு ஃபோன் போட்டாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க. நெவில் செத்ததை அக்கா சொல்லவே இல்ல. கேட்டது இவ்வளவுதான்: "அந்த வண்டியில என்ன நடந்துச்சு?"

 கெய்ல் அழுதுக்கிட்டே சொன்னாங்க.

அவங்க அப்பா ஆர்ச்சிக்குக் கை கால் விளங்காது, கட்டை விரல் மட்டும் அசையும். மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆளில்லாத ஒரு இடத்துல, அவங்க அம்மா பெரில் ஒரு சாயங்காலம் வெளிய இருந்த கேஸ் சிலிண்டரை மூட இறங்கினாங்க. ரிமோட்டை மறந்து பையில போட்டுட்டாங்க. கீழ விழுந்து இடுப்பு உடைஞ்சு போச்சு. ராத்திரி பூரா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. அவர் உள்ளேர்ந்து பதில் சொல்லிக்கிட்டே இருந்திருக்கார். போகத்தான் முடியல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆளுங்க பாத்தாங்க. அதுக்குள்ள அந்தம்மா...

"அன்னையிலேர்ந்து அப்பா வாயே திறக்கல. காப்பகத்துல இருக்கார். சாயங்காலமானா நாற்காலிக் கைப்பிடியைக் கட்டை விரலால அழுத்துவார். தோல் உரியற வரைக்கும் அழுத்துவார். ஆனா போன மாசம் ஒரு வியாழக்கிழமை நிறுத்திட்டார். அதுக்கப்புறம் அழுத்தவே இல்ல."

அக்கா நாற்காலியை ஃபோன்கிட்ட ஓட்டினாங்க.

"அன்னைக்கு மூணு வருஷத்துல முதல் தடவையா பேசினாராம். நர்ஸுக்கு ஒண்ணும் புரியல. எனக்கும் புரியல."

"என்ன சொன்னார்?"

"'அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அவன் அவ காலைப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கான். அவளுக்குத் தெரியல'ன்னாராம்."

அக்கா ஃபோனை வெச்சாங்க. அலமாரியைக் காட்டினாங்க. அன்னைக்குப் போட்டிருந்த துணியெல்லாம் ஒரு பையில, துவைக்காம அப்படியே இருந்துச்சு. நான்தான் பிரிச்சேன். என் கையாலதான் எடுத்தேன்.

வெள்ளை சாக்ஸ்.

இடது கணுக்கால்ல கரி.

முன்பக்கம் நாலு விரல். பின்பக்கம் கட்டை விரல். நல்லா இறுக்கிப் பிடிச்ச மாதிரி.